ஏணியும் எண்ணிக்கையும்

தேயிலைப் பொட்டலத்தின் மேல் அச்சிட்டிருக்கும் படத்தை நேயர்கள் நூறு தடவையாவது பார்த்திருப்பீர்கள். பச்சைப் பசேலென்ற மலைச் சரிவு, அதில் ஒரு பெண்மணி, முதுகிலே கூடை, விரல் நுனியிலே இரண்டு இலையும் ஒரு மொட்டும், முகத்திலே மாறாத புன்னகை. கூனூரிலும் கோத்தகிரியிலும் ஆடிச் சாரலிலும் ஐப்பசி மழையிலும் நின்று கொழுந்து பறிக்கிறவர்கள் அப்படிப் புன்னகை செய்வதை நாம் பார்த்ததில்லை. விரல் விறைத்துப் போயிருக்கும்போது புன்னகை எங்கிருந்து வரும்? அது சித்திரக்காரர் தம் கையிலிருந்து கொடுத்த போனஸ். போகட்டும். நமக்கு இன்று எழுந்திருக்கும் சந்தேகம் வேறு. பொட்டலத்தின் மேல் பெண்ணின் படத்தைப் போடுவதற்கு இவ்வளவு ஆவலாயிருக்கும் தேயிலைக் கம்பெனிகள், தோட்டத்து ஆபீஸ் அறைக் கதவின் மேல் ஒரு பெண்ணின் பெயரைப் போடுவதற்கு மட்டும் ஏன் இத்தனை காலம் எடுத்துக் கொள்கின்றன?

இந்தக் கேள்வி புதிதல்ல. ஆனால் இப்போது கேட்பதற்கு ஒரு விசேஷ காரணம் உண்டு. கம்பெனிகளுக்கு எண்ணும் பழக்கம் வந்துவிட்டது. பங்குச் சந்தையை மேற்பார்க்கும் 'செபி' என்னும் ஸ்தாபனம் 2021-ம் வருஷம் மே மாதத்தில் ஓர் உத்தரவு போட்டது. அதன்படி 2022-23 முதல், சந்தை மதிப்பில் முதல் 1000 கம்பெனிகள் வருஷந்தோறும் லாப நஷ்டக் கணக்குடன் இன்னொரு கணக்கையும் வெளியிட வேண்டும். ஊழியர்களில் ஆண்கள் எத்தனை, ஸ்திரீகள் எத்தனை, அங்கக் குறையுள்ளவர்கள் எத்தனை. டைரக்டர் சபையில் எத்தனை பெண்கள். மூன்று வருஷத்தில் வேலையை விட்டுப் போனவர்கள் யார் யார். பிரசவ விடுமுறைக்குப் பிறகு திரும்பி வந்தவர்கள் எத்தனை பேர் என்று இப்படியாகப் பல பக்கங்கள். நீலகிரியில் தோட்டம் வைத்திருக்கும் எல்லாக் கம்பெனிகளும் இந்தச் சட்டத்துக்குள் வந்துவிடவில்லை. பெரும்பாலானவை பங்குச் சந்தைப் பக்கமே போகாதவை. ஆயினும் பெரிய வீட்டு வழக்கம் சின்ன வீட்டுக்கும் பரவுவது உலக இயல்பல்லவா? எண்ணிக்கை போட்டுக் காட்டுவது இப்போது ஒரு கௌரவமாகி விட்டது.

எண்ணுவதை நாம் குறை சொல்ல மாட்டோம். எண்ணாத பொருள் களவு போனாலும் தெரியாது. ஆனால் எதை எண்ணுகிறோம் என்பது முக்கியம். நமது தொழில் உபாத்தியாயம். பள்ளிக்கூடத்தில் இரண்டு விதமான கணக்குகள் உண்டு. ஒன்று வருகைப் பதிவேடு. வகுப்பில் இன்று எத்தனை பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை அது சொல்லும். மற்றொன்று, வருஷக் கடைசியில் தயாரிக்கும் தேர்ச்சிப் பட்டியல். யார் மேல் வகுப்புக்குப் போனார்கள், யார் அதே பெஞ்சியில் மறுபடியும் உட்கார்ந்தார்கள் என்பதை அதுதான் சொல்லும். வருகைப் பதிவேட்டை மட்டும் நீட்டி, "பாருங்கள், எங்கள் பள்ளியில் நூற்றுக்கு எழுபது பேர் பெண் குழந்தைகள்!" என்று ஒரு தலைமையாசிரியர் மார்தட்டினால், "சரி, அவர்களில் எத்தனை பேர் தேறினார்கள்?" என்று எந்தத் தகப்பனாரும் கேட்பார். கம்பெனிகளிடம் மட்டும் அந்த இரண்டாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை.

தேயிலைத் தோட்டம் விநோதமான ஸ்தாபனம். மற்றத் தொழில்களில், "பெண்களே வேலைக்கு வருவதில்லையே, நாங்கள் என்ன செய்வது?" என்று முதலாளிகள் கை விரிப்பதுண்டு. தேயிலையில் அந்தச் சாக்குச் செல்லாது. நீலகிரியில் தேயிலை பயிராகத் தொடங்கி ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. அன்று முதல் இன்று வரை கொழுந்து பறிப்பது பெரும்பாலும் பெண்களின் வேலை. அடிப்படியில் அவர்கள்தான் பெருங்கூட்டம். ஆகவே ஆட்களின் தொகையை மட்டும் எண்ணினால், தேயிலைக் கம்பெனியைவிட ஸ்திரீகளிடம் தயாளமான ஸ்தாபனம் பூலோகத்தில் இல்லை என்று தோன்றும்!

இனி ஏணியைப் பார்ப்போம். கொழுந்து பறிப்பவருக்கு மேலே மேஸ்திரி. அவருக்கு மேலே தோட்டத்து உத்தியோகஸ்தர். பழைய பெயர் கண்டக்டர். ஆபீஸிலே ரைட்டர், குமாஸ்தா. தொழிற்சாலையிலே டீமேக்கர். இவர்களுக்கெல்லாம் மேலே உதவி மானேஜர். ஜனங்கள் வாயில் 'சின்னதுரை'. உச்சியிலே மானேஜர், 'பெரியதுரை'.

மேஸ்திரி என்பது போர்ச்சுகீசியர் கொண்டு வந்த சொல். அவர்கள் பாஷையில் 'மெஸ்த்ரே' என்றால் ஒரு தொழிலில் கை தேர்ந்தவன், கற்றுக் கொடுப்பவன் என்று அர்த்தம். எனவே மேஸ்திரிகளெல்லாம் ஒரு விதத்தில் நமது ஜாதிக்காரர்கள். துரை என்ற சொல்லின் கதை இன்னும் ரசமானது. அதற்குப் பெண்பால் துரைசானி. ஆனால் துரைசானி என்றால் என்ன பொருள்? துரையின் மனைவி. பங்களாவில் ரோஜாச் செடிக்குத் தண்ணீர் விடுகிறவள். தோட்டத்தை நிர்வாகம் செய்கிற பெண் என்ற பொருள் அந்தச் சொல்லுக்கு ஒரு நாளும் இருந்ததில்லை. அப்படிப்பட்ட ஒரு பிராணி இருக்கக்கூடும் என்று மலையில் எவருக்கும் தோன்றாதபடியால், அதற்கு ஒரு வார்த்தையும் உண்டாகவில்லை. அஸ்ஸாமில் 2018-ம் வருஷம் ஹிலிகா என்னும் தோட்டத்துக்கு மஞ்சு பருவா என்ற பெண்மணி மானேஜராக நியமிக்கப்பட்டபோது பத்திரிகைகளெல்லாம் அதைப் பெரிய செய்தியாகப் போட்டன. அஸ்ஸாமில் தேயிலைத் தொழில் தொடங்கி அப்போது ஏறக்குறைய 180 வருஷம் ஆகியிருந்தது. அவரும் கொழுந்துக் கூடையிலிருந்து ஏறி வந்தவரல்ல. 2000-த்தில் தொழிலாளர் நல அதிகாரியாகச் சேர்ந்தவர்.

இதிலிருந்துதான் முக்கியமான விஷயம் வருகிறது. தோட்டத்தில் இருப்பது ஓர் ஏணி அல்ல, மூன்று ஏணிகள். தொழிலாளருக்கு ஒன்று, அது மேஸ்திரியோடு முடிகிறது. சிப்பந்திகளுக்கு ஒன்று, அதில் ஏறுகிறவர் வெளியிலிருந்து பரீட்சை தேறி வருகிறவர். துரைமாருக்கு ஒன்று, அதில் ஏறுகிறவர் பட்டமும் நல்ல இங்கிலீஷும் ஒரு காலத்தில் கிரிக்கெட் ஆட்டமும் கொண்டு வந்தவர். மூன்றுக்கும் நடுவிலே பலகை கிடையாது. தாயார் முப்பது வருஷம் கொழுந்து பறித்து, ஒவ்வொரு செடியின் குணத்தையும் அறிந்திருக்கலாம். எந்தச் சரிவில் எந்த மாதம் இலை முற்றும், எங்கே கவாத்து பிந்தினால் பயிர் கெடும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். அந்த அறிவு அவளை மேஸ்திரி வரை கொண்டு போகலாம். அதற்கு மேல் செல்லாது. மேஸ்திரி வேலையோ, கவாத்திலும் மருந்தடிப்பிலும் இருக்கும் ஆண்களிடமிருந்து பொறுக்கி எடுப்பதே வழக்கமாகி விட்டது. ஐம்பது பெண்கள் வரிசையாக நின்று கொழுந்து பறிக்க, அவர்களை மேற்பார்க்க ஓர் ஆண் பிள்ளை குடையுடன் நிற்கும் காட்சி மலைக்கு வந்து போகிறவர்களுக்கெல்லாம் பழக்கமானது. அது விசித்திரம் என்று ஒருவருக்கும் தோன்றுவதில்லை.

இப்போது கொஞ்சம் கணக்குப் போடலாம். நேயர்கள் பயப்பட வேண்டாம். மூன்றாம் பாரக் கணக்குத்தான். கணக்குப் புஸ்தகத்தில் வருகிற கந்தசாமிக்கும் முத்துசாமிக்கும் ஆளுக்கு ஒரு தேயிலைத் தோட்டம் இருப்பதாக வைத்துக் கொள்வோம். இரண்டிலும் 500 தொழிலாளிகள். இரண்டிலும் 350 பேர் பெண்கள், 150 பேர் ஆண்கள். ஐந்து வருஷத்தில் இரண்டு தோட்டத்திலும் பத்துப் பத்து மேஸ்திரி வேலைகள் காலியாயின. கந்தசாமி ஒன்பது ஆண்களுக்கும் ஒரு பெண்ணுக்கும் கொடுத்தார். முத்துசாமி ஏழு பெண்களுக்கும் மூன்று ஆண்களுக்கும் கொடுத்தார்.

வருகைப் பதிவேட்டின்படி இரண்டு தோட்டமும் ஒன்றே. நூற்றுக்கு எழுபது பெண்கள். அறிக்கையில் இருவரும் ஒரே எண்ணைத்தான் அச்சிடுவார்கள். ஆனால் தேர்ச்சிப் பட்டியலைப் போட்டுப் பாருங்கள். முத்துசாமி தோட்டத்தில் 350 பெண்களில் 7 பேர் ஏறினார்கள், 150 ஆண்களில் 3 பேர் ஏறினார்கள். இரண்டும் நூற்றுக்கு இரண்டு. கந்தசாமி தோட்டத்தில் ஆண்களில் நூற்றுக்கு ஆறு பேர் ஏறினார்கள்; பெண்களில் 350-க்கு ஒருத்தி. வகுத்துப் பார்த்தால், அங்கே ஆணுக்கு உள்ள வாய்ப்பு பெண்ணுக்கு உள்ளதைப் போல 21 மடங்கு! இன்னும் வேடிக்கை இருக்கிறது. கந்தசாமி அடுத்த வருஷம் கொழுந்து பறிக்க இருபது பெண்களைப் புதிதாகச் சேர்த்தால், அவருடைய அறிக்கையில் பெண்களின் விகிதம் 70-லிருந்து 71-க்கு மேல் போகும். அபிவிருத்தி என்று பத்திரிகைக்குச் செய்தி கொடுக்கலாம். ஏணியில் ஒரு படி கூட அசைந்திராது.

'செபி' கேட்கும் கணக்கில் இந்தத் தேர்ச்சிப் பட்டியல் உண்டா என்று நாம் தேடிப் பார்த்தோம். ஊழியர்களின் வேலைத் திறமையையும் முன்னேற்றத்தையும் பற்றி வருஷத்தில் பரிசீலனை நடந்ததா, எத்தனை ஆண்களுக்கு, எத்தனை பெண்களுக்கு என்று ஒரு கேள்வி இருக்கிறது. பரிசீலனை செய்து என்ன முடிவு வந்தது, யார் உயர்ந்தார்கள் என்ற கேள்வி இல்லை. பரீட்சை நடந்ததா என்று கேட்டுவிட்டு, மார்க்கு என்ன என்று கேட்காமல் எழுந்து போகிற இன்ஸ்பெக்டரைப் போல!

சம்பளத்தைப் பற்றிய கேள்வியிலும் இப்படி ஒரு சூக்ஷ்மம் இருக்கிறது. ஆண்களின் நடுச் சம்பளம் எவ்வளவு, பெண்களின் நடுச் சம்பளம் எவ்வளவு என்று கம்பெனி சொல்ல வேண்டும். நடுச் சம்பளம் என்றால் சராசரி அல்ல. எல்லாரையும் சம்பள வரிசைப்படி நிறுத்தினால் சரியாக நடுவில் நிற்பவர் வாங்கும் தொகை. நல்ல கேள்விதான். ஆனால் டைரக்டர்களுக்குத் தனியாக, பெரிய அதிகாரிகளுக்குத் தனியாக, சிப்பந்திகளுக்குத் தனியாக, தொழிலாளிகளுக்குத் தனியாக இதைச் சொன்னால் போதும். தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கும் கவாத்து வெட்டும் ஆணுக்கும் இன்று தினக்கூலி ஒன்றே. ஆகவே தொழிலாளி என்ற கட்டத்துக்குள்ளே வித்தியாசம் அநேகமாகத் தெரியாது. வித்தியாசம் இருப்பது கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவில். அதை ஏணிகளைத் தனித் தனியாக அளப்பவர் எப்படிக் காண்பார்? பிரிட்டனில் 2017 முதல் 250 பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருக்கும் ஸ்தாபனங்கள் வேறு விதமாகக் கணக்குக் காட்டுகின்றன. எல்லா ஊழியர்களையும் ஒரே சம்பள வரிசையில் நிறுத்தி, அந்த வரிசையை நாலு சம பாகமாக வெட்டி, ஒவ்வொரு பாகத்திலும் எத்தனை பெண்கள் என்று சொல்ல வேண்டும். நமது மலைத் தோட்டங்களில் அப்படி வெட்டிப் பார்த்தால் அடிப் பாகங்களும் மேல் பாகமும் எப்படி இருக்கும் என்பதை நேயர்களே ஊகித்துக் கொள்ளலாம்.

சட்டம் இதையெல்லாம் அறியாததல்ல. 1976-ம் வருஷத்துச் சம ஊதியச் சட்டம், ஒரே வேலைக்கு ஆணுக்கொரு கூலி பெண்ணுக்கொரு கூலி என்ற பழைய வழக்கத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது. முதலில் அது கூலியையும் வேலைக்கு எடுப்பதையும் பற்றி மட்டுமே பேசிற்று. 1987-ல் திருத்தம் செய்து, பதவி உயர்வு, பயிற்சி, மாற்றம் ஆகியவற்றிலும் பேதம் காட்டக் கூடாது என்று சேர்த்தார்கள். 2025-ம் வருஷம் நவம்பரில் நான்கு புதிய தொழிலாளர் சட்டத் தொகுதிகள் அமுலுக்கு வந்து, அந்தச் சட்டமும் 1951-ம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டமும் அவற்றில் கரைந்து போயின. புதிய கூலிச் சட்டத் தொகுதியில் 'வேலை நிபந்தனைகள்' என்று பொதுப்படையாக இருக்கிறது. பதவி உயர்வு என்ற சொல் தனியாக நிற்கவில்லை. பொதுச் சொல்லுக்குள் அதுவும் அடங்கும் என்று வக்கீல்கள் வாதிப்பார்கள், நியாயாதிபதிகளும் ஒப்புக் கொள்ளலாம். என்றாலும், 1987-ல் பெயர் சொல்லி அழைத்த விருந்தாளியை இப்போது 'மற்றும் பலர்' என்ற பட்டியலில் சேர்த்தது நமக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

பெயர் சொல்லி அழைப்பதில் என்ன பிரமாதம் என்று கேட்கலாம். குடகு நாட்டுப் பெண்மணி சி. பி. முத்தம்மா 1949-ல் இந்திய வெளிநாட்டு சர்வீஸில் சேர்ந்தார். அதில் சேர்ந்த முதல் பெண் அவர்தான். சேர்வதற்குத் தடையில்லை, எண்ணிக்கையில் ஒன்று கூடிற்று. ஆனால் மேல் படிக்கு முறை வந்தபோது அவரைத் தாண்டிப் போனார்கள். அவர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். வழக்கு நடந்து கொண்டிருக்கும்போதே பதவி உயர்வு வந்து சேர்ந்தது! 1979-ல் நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு, சர்வீஸ் விதிகளிலிருந்த பேதங்களை நீக்கும்படி சர்க்காருக்கு நன்றாகவே எடுத்துச் சொல்லிற்று. சென்னையில் படித்த அதிகாரிக்கே கோர்ட்டுப் படி ஏற வேண்டியிருந்ததென்றால், லைன் வீட்டில் இருப்பவள் எந்தப் படி ஏறுவாள்?

சில வேளைகளில், காப்பாற்றுவதற்காகப் போட்ட வேலியே ஏற விடாமல் தடுத்து விடுகிறது. தேயிலைத் தொழிற்சாலையில் இலையை வாட வைப்பதற்கே பன்னிரண்டு மணிக்கும் பதினெட்டு மணிக்கும் இடைப்பட்ட நேரம் பிடிக்கும். பகலில் பறித்த இலை இரவெல்லாம் வாடி, நடுநிசிக்கு மேல் இயந்திரத்துக்குப் போகும். வாசனை பார்த்து, நிறம் பார்த்து, இதுதான் பதம் என்று சொல்ல வேண்டிய டீமேக்கர் அந்த நேரத்தில் அங்கே இருந்தாக வேண்டும். 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டமோ, மாலை 7 மணிக்கு மேல் காலை 6 மணி வரை ஸ்திரீகள் தொழிற்சாலையில் வேலை செய்யலாகாது என்றது. நல்ல எண்ணத்துடன் செய்த சட்டம்தான். ஆனால் சமையலறையில் தினம் இரண்டு வேளை தேயிலையின் பதம் பார்க்கிறவர்களுக்குத் தொழிற்சாலையில் பதம் பார்க்கும் உத்தியோகம் அதனாலேயே மூடிப் போயிற்று. 2000-த்தில் சென்னை ஹைகோர்ட்டு அந்தத் தடை செல்லாது என்று தீர்ப்பளித்தது. இப்போது புதிய சட்டத் தொகுதி, பெண்ணின் சம்மதத்தோடும் பாதுகாப்பு ஏற்பாட்டோடும் இரவு வேலை செய்யலாம் என்கிறது. சம்மதம் என்பது காகிதத்தில் கையெழுத்தாக மட்டும் நின்றுவிடாமல், நடுநிசியில் மலைப்பாதையில் வீடு திரும்ப ஒரு வண்டியாகவும் இருக்க வேண்டும். காட்டெருமைக்குச் சம்மதப் பத்திரம் படிக்கத் தெரியாது.

கணக்குப் போடுகிறவர்கள் ஏமாந்து போகும் இடங்கள் சில உண்டு. ஒரு கம்பெனியில் உதவி மானேஜர்கள் மூன்றே பேர். அதில் ஒருவர் பெண் என்றால் நூற்றுக்கு முப்பத்து மூன்று என்று ஜம்பமாக எழுதலாம். அந்த அம்மாள் மறு வருஷம் கல்யாணமாகிப் பெங்களூருக்குப் போய்விட்டால் சைபர். சிறு தொகையை வருஷா வருஷம் சதவீதத்தில் பார்ப்பது வீண். ஐந்து வருஷம், பத்து வருஷம் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இன்னொரு பொறி இதைவிடப் பொல்லாதது. "எங்கள் தோட்டத்தில் மேஸ்திரி ஆன பெண்கள் சராசரி பன்னிரண்டு வருஷத்தில் ஆனார்கள், ஆண்களும் பன்னிரண்டு வருஷந்தான், பேதமே இல்லை" என்று ஒரு கம்பெனி சொல்லக்கூடும். கேட்க நியாயமாகவே இருக்கும். ஆனால் அந்தச் சராசரியில் யார் யார் இருக்கிறார்கள்? ஏறியவர்கள் மட்டும். பதினெட்டு வயதில் கூடை எடுத்து, நாற்பது வருஷம் அதே வரிசையில் நின்று, கிராஜுவிட்டிப் பணத்தை வாங்கிக் கொண்டு லைன் வீட்டைக் காலி செய்தவள் அந்தக் கணக்கில் எங்கேயும் வரமாட்டாள். அவள் காத்திருந்த நாற்பது வருஷத்தை எந்தச் சராசரியிலும் கூட்டவில்லை. தேறிய பிள்ளைகளை மட்டும் வைத்துக் கொண்டு பள்ளியின் யோக்கியதையைக் கணிப்பது போலத்தான் இது. ஏறாமலே ஓய்வு பெற்றவர்கள் எத்தனை பேர், எத்தனை வருஷ சர்வீஸுக்குப் பிறகு என்பதை எழுதாத அறிக்கையை நாம் பாதி அறிக்கை என்றே சொல்லுவோம்.

ஆண் பெண் என்ற பேதம் ஒன்றை மட்டுமே இதுவரை பேசினோம். நீலகிரியில் ஜனங்களின் வகை அதோடு நிற்பதல்ல. தமிழ்நாட்டில் மிகவும் நலிந்த பழங்குடிகள் என்று சர்க்கார் பட்டியலிட்டிருக்கும் ஆறு வகுப்பாரும், அதாவது தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் அனைவரும், இந்த மலையைச் சேர்ந்தவர்கள். படகர்கள் பெரும்பாலும் சொந்தச் சிறு தோட்டக்காரர்கள். 1964-ல் சாஸ்திரியும் சிரிமாவோ அம்மையாரும் செய்து கொண்ட ஒப்பந்தப்படி, இலங்கைத் தோட்டங்களிலிருந்து 525,000 பேரை இந்தியா ஏற்றுக் கொள்வதென்று முடிவாயிற்று. அப்படி வந்தவர்களில் பலரைக் குடியமர்த்துவதற்காகவே 1968-ல் வனத்துறையார் தேயிலைத் தோட்டம் போட்டார்கள். அதுவே பிறகு 'டேன்டீ' என்ற சர்க்கார் கம்பெனி ஆயிற்று. இப்போது ஜார்க்கண்டு, அஸ்ஸாம் முதலிய தூரதேசங்களிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். இவ்வளவு பேரும் கூடையுடன் நிற்கிறார்கள். யார் எந்தப் படியில் என்பதை எவரும் எழுதி வைப்பதில்லை. 'செபி'யின் ஊழியர் அட்டவணையும் கேட்கவில்லை. அமெரிக்காவில் 1966 முதலே பெரிய கம்பெனிகள், உத்தியோகப் படி ஒவ்வொன்றிலும் எந்த இனத்தார் எத்தனை பேர் என்று சர்க்காருக்குக் கணக்குக் கொடுத்து வந்திருக்கின்றன. அங்கே எல்லாம் சரியாகிவிட்டது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் சண்டை போடுவதற்காவது கையில் ஒரு எண் இருந்தது.

சிறு தோட்டக்காரர்களின் கூட்டுறவுத் தொழிற்சாலைகள் பதினாறு இருக்கின்றன. அங்கே அங்கத்தினர் பட்டியல் நிலத்துப் பட்டாவைப் பின்பற்றுவது. பட்டாவோ பெரும்பாலும் ஆண் பெயரில். இதைத் தனியாக ஒரு வாரம் எழுத வேண்டும்.

முதலாளிகளின் ஏணியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் நமக்குத் தெற்கே மூணாறு இருக்கிறது. 2015-ம் வருஷம் செப்டம்பரில் அங்கே கண்ணன் தேவன் தோட்டங்களின் பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலையை நிறுத்திச் சாலையில் உட்கார்ந்தார்கள். நூற்றுக்கு இருபது போனஸ் வேண்டும் என்பது கோரிக்கை. 'பொம்பிளை ஒருமை' என்று தங்களுக்குத் தாங்களே பெயர் வைத்துக் கொண்டார்கள். ஆச்சரியம் என்னவென்றால், பெரிய பெரிய தொழிற்சங்கத் தலைவர்கள் ஆதரவு தெரிவிக்க வந்தபோது, அவர்களைக் கிட்டே சேர்க்க மறுத்து விட்டார்கள்! சந்தா கட்டுவது பெண்கள், மேடையில் நாற்காலி போட்டு உட்காருவது ஆண்கள் என்ற நிலைமை சங்கத்திலும் இருந்ததல்லவா? சங்கங்களும் தங்கள் நிர்வாகக் கமிட்டியின் தேர்ச்சிப் பட்டியலை வெளியிட்டால் நன்றாயிருக்கும்.

படி இல்லாத இடத்தில் படி கட்டலாம் என்பதற்கும் நமது மலையிலேயே அத்தாட்சி இருக்கிறது. கூடலூரில் ஆதிவாசிகளுக்கான ஆஸ்பத்திரி ஒன்று 1990-ல் ஆரம்பமாயிற்று. நர்ஸுகளுக்காக விளம்பரம் போட்டு, யாரும் தகுதியுடன் வரவில்லை என்று கை கழுவியிருக்கலாம். அதற்குப் பதிலாக ஆதிவாசிப் பெண்களையே எடுத்துப் பழக்கினார்கள். பிணியாளியின் பாஷையும் நர்ஸின் பாஷையும் ஒன்றாயிற்று. தேயிலைக் கம்பெனிக்கு இது முடியாத காரியமா? கொழுந்து பறிக்கிறவர்களில் படிக்கத் தெரிந்தவர்களைப் பொறுக்கி, வேலை நேரத்திலேயே வாரத்துக்கு ஒரு நாள் கணக்கும் மண் பரிசோதனையும் மருந்தளவும் கற்றுக் கொடுத்து, கண்டக்டர் வேலையில் ஒரு பங்கை அவர்களுக்கென்று ஒதுக்கினால், இரண்டு ஏணிக்கு நடுவில் பலகை விழும்.

இது தர்ம கைங்கரியமும் அல்ல. எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் தோட்டத்துக் குழந்தைகள் நிறையப் பேர் படிக்கிறார்கள். பெரியவளானதும் என்ன ஆகப் போகிறாய் என்று கேட்டால் நர்ஸ் என்பார்கள், போலீஸ் என்பார்கள், டீச்சர் என்றும் தயவு செய்து சொல்வார்கள். தோட்டத்தில் மேஸ்திரி ஆவேன், கண்டக்டர் ஆவேன் என்று ஒரு பெண் குழந்தை சொல்லி நாம் கேட்டதில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் பஸ் ஏறிக் கோயமுத்தூருக்கும் திருப்பூருக்கும் இறங்கிப் போய் விடுகிறார்கள். பிறகு தோட்டத்தில் ஆள் கிடைக்கவில்லை என்று துரைமார் அங்கலாய்க்கிறார்கள். அந்தக் குழந்தைகள் எண்ணிக்கை தெரியாதவர்களல்ல. தாயாரும் பாட்டியும் எந்தப் படியில் நின்றார்கள் என்பதை வீட்டிலேயே எண்ணிப் பார்த்தவர்கள்.

நேயர்களில் சிலர் தேயிலைக் கம்பெனிகளில் பங்கு வைத்திருப்பீர்கள். வருஷ அறிக்கை வரும்போது டிவிடெண்டு எவ்வளவு என்று பார்த்துவிட்டு மூடி விடுவது வழக்கம். இந்தத் தடவை இன்னும் கொஞ்சம் புரட்டி, ஊழியர் கணக்குள்ள பக்கத்தைப் பாருங்கள். பார்த்துவிட்டுக் கம்பெனிக் காரியதரிசிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். சென்ற ஐந்து வருஷத்தில் கொழுந்து பறிப்போர் பட்டியலிலிருந்து மேஸ்திரி ஆனவர்கள் எத்தனை பேர், அவர்களில் பெண்கள் எத்தனை. மேஸ்திரிகளிலிருந்து சிப்பந்தி ஆனவர் ஒருவராவது உண்டா. முப்பது வருஷத்துக்கு மேல் வேலை செய்து ஒரு படியும் ஏறாமல் ஓய்வு பெற்ற பெண்கள் எத்தனை பேர். இந்த மூன்று கேள்விகள் போதும். இவற்றைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பதில் சொல்வதற்கு வேண்டிய புஸ்தகங்களும் ஒவ்வொரு தோட்டத்து ஆபீஸ் அலமாரியிலும் இருக்கின்றன. தினம் காலையில் மஸ்தர் எடுத்து, பேர் பேராக எழுதி வைத்த பேரேடுகள் அவை. பதில் வந்தால் நமக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.